பத்தாவது செடி

"தாயி, பத்தும் நெருப்பு!"

சொல்லிக்கொண்டேதான் வந்தார் நல்லபெருமாள். கையில் வேரோடு பிடுங்கின ஒரு மிளகாய்ச் செடி. முகம் சிவந்து, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

பூரணத்தம்மைக்கு நாற்பது வயசுதான். அவருக்கு அறுபத்து மூன்று. ஆனாலும் வாழைத்தோப்பு ஓரத்தில் அவள் குடிசை போட்ட நாளிலிருந்து அவளைக் குரு என்றுதான் கும்பிடுவார். அவளோ அவரை அண்ணாச்சி என்பாள்.

அவள் செடியை வாங்கினாள். வேரைக் குடத்துத் தண்ணீரில் இறக்கி வைத்தாள்.

"அதுக்கு எதுக்கு தாயி தண்ணி? உங்க கண்ணுல காட்டத்தான் இந்தப் பத்தாவதைக் கொண்டாந்தேன். மத்த ஒம்பதையும் போய்ப் பிடுங்கணும்."

"வடிவு மதினி எப்படி இருக்கா?"

"எப்படி இருப்பா? தொண்டைப் புத்துக்கு ஆஸ்பத்திரியில கரண்டு வச்சு மூணு மாசமாச்சு. காரம் பட்டாத் துடிக்கா. கஞ்சியும் தயிரும் கொடுத்தா, 'மருந்தை எத்தனை தட்டுல திங்கது'ன்னு தள்ளி வைக்கா. முன்னெல்லாம் என் சமையலை ஏசாம ஒரு கவளம் இறங்காது. இப்ப ஏசவும் மாட்டேங்கா."

அவர் குரல் இறங்கிப்போயிற்று.

பஸ் ஓட்டின மனுஷன். பழகின ஊர்களில் எல்லாம் சொல்லிவைத்து, வாசம் இருக்கணும், எரியக் கூடாது என்று பத்துப் பேரிடம் பத்து வகை மிளகாய் விதை வாங்கினார். ஒரே வரிசையில் பத்துச் செடி. பிள்ளை மாதிரி பார்த்தார்.

"எப்பக் கடிச்சுப் பாத்திய?"

"இப்பத்தான். முதல் செடியில ஆரம்பிச்சு, பத்து வரைக்கும். ஒரே நடையில."

"முதல் செடி யார் கொடுத்த விதை?"

"என் மச்சினன். எரியவே எரியாதுன்னு சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணினான்."

பூரணத்தம்மை சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என் பொண்டாட்டி பட்டினி கெடக்கா. நீங்க சிரிக்கிய."

சிரிப்பு நின்றது.

அவள் குடத்துச் செடியிலிருந்து ஒரு பழத்தைப் பறித்தாள். மஞ்சள் நிறம், சுருங்கின தோல். இரண்டாகப் பிட்டு ஒரு பாதியை வாயில் போட்டு, வெள்ளரிப் பிஞ்சு தின்கிற மாதிரி மென்றாள்.

அவர் அவள் கண்ணையே பார்த்தார். கலங்கவில்லை.

மறு பாதியை நீட்டினாள். வாங்கிக் கடித்தார்.

"ஆ! எரியுதே! உங்களுக்கு என்ன தாயி, நீங்க சாமி."

"நாக்குக்கு என்ன அண்ணாச்சி தெரியும், சாமியும் பூதமும்?"

ஒரு செம்பு மோர் கொடுத்தாள். குடித்தார். இன்னொரு செம்பு கொடுத்தாள்.

"உக்காருங்க."

"எவ்வளவு நேரம்?"

அவள் வாழைநாரைக் கிழித்து முறுக்கத் தொடங்கினாள்.

அவர் உட்கார்ந்தார். ஒரு வாழையின் நிழல் பக்கத்து வாழை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. உட்கார்ந்தபடியே கண் அசந்துவிட்டார்.

எழுப்பினபோது அவள் கையில் அதே செடியின் இன்னொரு பழம்.

"கடிங்க."

பயந்து பயந்து நுனியைக் கடித்தார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு கண்ணைத் திறந்தார்.

"வரலியே தாயி."

"யாரு?"

"எரிச்சல்!"

முழுப் பழத்தையும் வாயில் போட்டார். "கொய்யாப்பழ வாசம் தாயி! பின்னாடியே லேசா மாங்காய்! சாகலையே, செடி சாகலையே!" குடத்தோடு செடியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"அண்ணாச்சி! நாளையிலேர்ந்து கடைசியில ஆரம்பிங்க. ஒரு நாளைக்கு ஒரு செடி."

கேட்டதோ இல்லையோ, வாழைத்தோப்பைத் தாண்டிவிட்டார்.

பத்து நாள் கழித்துக் குடத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். சவரம் பண்ணியிருந்தார்.

"ஒம்பதும் தங்கம் தாயி. நாலாவதுல வாசம் பத்தாது. ஏழாவது தோல் தடிப்பு. பத்தாவதை அடிச்சுக்க ஆள் இல்ல, மறுபடி நட்டேன், வேர் பிடிச்சிருச்சு."

"முதல் செடி?"

"அது நெருப்பேதான். மச்சினன் வந்தான். துவையல் அரைச்சு வச்சேன். ரெண்டு குடம் தண்ணி குடிச்சான்."

பூரணத்தம்மை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நேத்து மத்தியானம் பத்தாவதைப் போட்டுக் குழம்பு வச்சேன். தட்டுல ஊத்திட்டு அடுக்களைக்குள்ள போய் நின்னுக்கிட்டேன். பாக்கத் தைரியம் இல்ல."

"சாப்பிட்டாளா?"

நல்லபெருமாள் குடத்தை இறக்கி வைத்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"உப்பு பத்தலைன்னு ஏசினா தாயி!"