உறைக்கு ஒரு வாய்

திருப்பூரில் ஒரு சக்கரப்பெட்டி இருந்தது. கறுப்பு நிறம், நாலு சக்கரம், இழுத்தால் நீளும் கைப்பிடி. பனியன் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையிலிருந்த வசுமதியோடு அது ஊர் ஊராகச் சுற்றியது. லூதியானா, சூரத், கொல்கத்தா என்று அது உருளாத தரை இல்லை. விமானத்தில் கட்டிவிட்ட சீட்டு கைப்பிடியில் ஆட, வீட்டுக்குள் நுழையும்போது அதற்கு வரும் மிடுக்கைப் பார்க்கவேண்டும். புது மாப்பிள்ளை கெட்டான்.

வீட்டோடு கிடக்கும் சாமான்களை அது மனுஷராகவே மதிப்பதில்லை. "பாவம், ஒரே எடத்துல கெடந்து கெடந்தே வீணாப் போறீங்க" என்று குக்கரைப் பார்த்து உச்சுக் கொட்டும். குக்கருக்கும் கோபம் வரும், அடுப்பில் ஏறும்வரை அடக்கிக்கொள்ளும்.

அப்படி இருக்கையில் வசுமதிக்குப் புனேவுக்கு மாற்றல் வந்தது. மாற்றல் வந்ததே தவிர ஓட்டம் நின்றபாடில்லை. திங்கட்கிழமை லூதியானா போவாள். வியாழக்கிழமை வந்து பாத்திரங்களைப் பழைய சேலையில் சுற்றுவாள். சுற்றிக்கொண்டிருக்கும்போதே மேனேஜரின் ஃபோன் அதட்டும். "அம்மிணி, சூரத்துல சாயம் ஒட்டலையாம். எந்திரி, கெளம்பு!" வீடு பாதி அட்டைப்பெட்டிக்குள், பாதி வெளியே. ஒருநாள் சமையலறைக்குள் வந்தவள், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் சுவரைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"ஏனுங்க" என்றாள் கணவன் சண்முகவேலிடம். "எனக்கே நான் ஒரு மூட்டையாட்டத் தெரியறேன். இங்கிருந்து தூக்கி அங்க எறக்கி வெச்சுட்டா ஆச்சா? அங்க போயி நான் ஆளா இருப்பேனா?"

சண்முகவேல் அட்டைப்பெட்டிக்கு இன்னொரு சுற்று டேப் ஒட்டினான்.

கூடம் நிறைந்துபோனதால் சக்கரப்பெட்டியைச் சமையலறையில் நிறுத்தினார்கள். அங்கே மேடைமேல் ஒரு எவர்சில்வர் கிண்ணம் மூடி வைத்திருந்தது. வசுமதி எவ்வளவு களைத்து வந்தாலும் சாயங்காலம் பாலைக் காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆற்றி, அந்தக் கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்து உறை ஊற்றாமல் இருக்கமாட்டாள். வெளியூரில் இருந்தால் ஃபோனில் கூப்பிட்டு, "உறை ஊத்தியாச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் சாப்பிடப் போவாள்.

"யாரு உள்ள?" என்றது பெட்டி.

"தயிருங்ணா."

"நீ எத்தனை ஊரு பாத்திருக்கே?"

"நான் ஒண்ணும் பாக்கலீங்ணா. நேத்துச் சாயங்காலந்தான் பொறந்தேன்."

பெட்டிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நேத்துப் பொறந்தவ புனேவுக்கு வரப்போறியாக்கும்? வழியிலயே புளிச்சுப் போவே."

"புளிச்சா என்னங்ணா? இந்த வீட்டுக்கு வரும்போதும் புளிச்சுத்தான் வந்தேன்."

"இப்பத்தானே நேத்துப் பொறந்தேன்னே?"

"ஆமாங்ணா. நேத்துப் பொறந்ததும் நாந்தான். அம்மிணி இங்க குடிவந்தப்ப எதுத்த வீட்டுல ஒரு கரண்டி கேட்டு வாங்குனாங்களே, அதுவும் நாந்தான். அந்த வீட்டுக்குத் தாராபுரத்துல இருந்து வந்தவளும் நாந்தான். அதுக்கு முன்னால எங்கெங்க இருந்தேன்னு எனக்கே தெரியாதுங்ணா. என்னத் தின்னு தீக்காத நாளே கெடையாது. ஒரு கரண்டி மட்டும் மிச்சம் வெப்பாங்க. எனக்கு அது போதும்."

பெட்டி தன்னையே பார்த்துக்கொண்டது. ஆறே வருஷத்தில் தன் சக்கரம் ஒரு பக்கமாகத் தேய்ந்துவிட்டது. இதுவோ எத்தனை வீடு, எத்தனை பால்! எருமைப்பால், பசும்பால், பாக்கெட் பால். எந்தப் பாலில் விட்டாலும் அந்தப் பாலையே தானாக்கிக்கொண்டு, நேற்றுப் பிறந்த முகத்தோடு உட்கார்ந்திருக்கிறது. பெட்டிக்கு மேலெல்லாம் சிலிர்த்தது.

"உனக்கு வேற ஒண்ணுமே வேண்டாமா?" என்று கேட்டது, குரலைத் தணித்துக்கொண்டு.

"ஒண்ணே ஒண்ணுங்ணா. பாலுல கலந்ததுக்கப்புறம் கொஞ்ச நேரம் என்னை யாரும் ஆட்டக்கூடாது."

கிளம்பும் நாள் வந்தது. வசுமதி அன்று காலையில்தான் கொல்கத்தாவிலிருந்து வந்து இறங்கியிருந்தாள். வாசலில் லாரி. சண்முகவேல் ரயிலுக்குத் தயிர்சாதம் கிளறினான். பயணத்துக்குக் கட்டும் தயிர்சாதத்தில் பாலைத்தான் தாராளமாக விடுவார்கள், தயிர் பேருக்கு ஒரு கரண்டி. போகப் போக அது தானே உறைந்துகொள்ளும், புளிக்காது. அதையெல்லாம் அவன் சரியாகத்தான் செய்தான். இஞ்சியும் கடுகும் தாளித்துக் கொட்டினான். ஆனால் அந்த ஒரு கரண்டிக்கு அவன் கை வைத்தது, உறைக்கென்று மிச்சம் வைத்திருந்த கரண்டியில்.

"ஐயோ, அதைத் தொடாதே!" என்று பெட்டி கத்தியது. பெட்டி கத்தி எந்தக் காலத்தில் யார் காதில் விழுந்தது? கிண்ணத்தைக் கழுவித் துடைத்து அட்டைப்பெட்டிக்குள் போட்டு டேப்பும் ஒட்டிவிட்டான்.

மறுநாள் ரயிலில் காலைச் சாப்பாடு முடிகிற நேரத்தில் வசுமதிக்கு நினைவு வந்தது.

"ஏனுங்க, உறைக்கு எடுத்து வெச்சீங்களா?"

சண்முகவேலின் கை தயிர்சாதச் சம்படத்துக்குள்ளேயே நின்றது. "சோத்துல ஊத்திட்டனே, வசு."

இத்தனை நாளும் அழாதவள் அப்போது அழுதாள். எதிர் சீட்டுக்காரர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"இதுக்குப் போயி அழுவாங்களா? புனேல கடையில வாங்கிக்கலாம், வசு."

"அத்தனை சாமானையும் மறக்காமக் கட்டுனேனுங்க. அதுல உசுரோட இருந்தது அது ஒண்ணுதானுங்க."

சீட்டுக்கு அடியில் கிடந்தது பெட்டி. போய்விட்டாள், நேற்றுப் பிறந்தவள் போயே போய்விட்டாள் என்று அது மருகியது. அப்போது சம்படத்துக்குள்ளிருந்து, கடுகுக்கும் கறிவேப்பிலைக்கும் நடுவில், மெல்லிசாக ஒரு குரல் வந்தது.

"இங்கதாங்ணா இருக்கேன்."

சம்படத்தின் அடியில் ஒரு வாய் சோறு ஒட்டியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்ட வசுமதியும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். சண்முகவேல் வழிக்கப் போனான். அவள் வெடுக்கென்று சம்படத்தைப் பிடுங்கி மூடினாள்.

"தொடாதீங்க!"

சட்டை மடிப்புகளுக்கு நடுவில் சம்படத்தைப் பொதிந்து பெட்டியைப் பூட்டினாள். புனே ஸ்டேஷனில் இறங்கியதும் பெட்டியை உருட்டவில்லை, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டாள். தன்னை ஒருவர் இப்படித் தூக்கி நடப்பது பெட்டிக்கு அதுதான் முதல்தடவை.

புது வீட்டில் ஒரு சாமானும் இல்லை, லாரி இன்னும் வழியில் இருந்தது. பால் காய்ச்சுவதற்கென்று பெட்டியில் கொண்டுவந்திருந்த கரண்ட் அடுப்பில், கூடவே வந்த குண்டாவில் பாலை ஊற்றி வசுமதி வைத்தாள். பால் பொங்கி வழிந்தது. இருவரும் கும்பிட்டு ஆளுக்கு ஒரு மடக்குக் குடித்தார்கள். மிச்சப் பாலில் சுண்டுவிரலை விட்டு, சூடு பதமாகும்வரை காத்திருந்து, அந்த ஒரு வாய் தயிர்சாதத்தை அதில் கரைத்து மூடினாள்.

ஃபோன் அதட்டியது. "அம்மிணி, நாளைக்கு சூரத்! இன்னிக்கே ஏறு!"

வசுமதி எடுத்தாள். "இன்னிக்கு முடியாதுங்க சார். தயிருக்கு உறை ஊத்தி வெச்சிருக்கேன்."

அதற்கு என்ன பதில் சொல்வது என்று எந்த மேனேஜருக்கும் யாரும் சொல்லிக்கொடுத்திருக்கமாட்டார்கள். அவள் ஃபோனை அணைத்துக் கவிழ்த்து வைத்தாள்.

பிறகு அந்த வெற்று வீட்டில் எதுவும் அசையவில்லை. வசுமதி குண்டாவுக்குப் பக்கத்தில் தரையில் சாய்ந்தவள், கையை மடக்கித் தலைக்கு வைத்து அப்படியே தூங்கிப்போனாள். பெட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. உள்ளே பால் பாலாக இருப்பதை விட்டுக்கொண்டிருந்தது. சத்தமில்லை, அசைவில்லை, யாரும் எதுவும் செய்யவில்லை, ஆனாலும் அத்தனையும் நடந்துகொண்டிருந்தது. உலகத்தில் இதைவிடப் பெரிய காரியம் ஒன்றைத் தான் பார்த்ததில்லை என்று பெட்டிக்குத் தோன்றியது.

சாயங்காலம் விழித்து மூடியைத் திறந்தாள். குண்டாவைச் சாய்த்தாள். தயிர் அசையவில்லை. மேலே ஒரே ஒரு கடுகு.

"ஏனுங்க, வந்து பாருங்களேன்!" அவள் சிரித்ததைக் கேட்டு எத்தனை மாசமாயிற்றோ, சண்முகவேல் ஓடிவந்தான்.

அதே நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். எதிர் வீட்டம்மா. கையில் ஒரு கிண்ணம் பால், ஆவி மெல்லப் பறந்தது. மராத்தியில் என்னவோ சொன்னார். இவர்களுக்குப் புரியாததைக் கண்டு இந்தியில், "தஹி… தோடா?" என்று தயிர் கேட்டு, விரல் நகத்தளவு காட்டினார்.

வசுமதி குண்டாவைத் திரும்பிப் பார்த்தாள். இந்த ஊரில் அவளிடம் ஒருவர் வந்து ஒன்று கேட்கிறார், அது அவளிடம் இருக்கிறது.

"விளக்கு வெச்ச பொறவு தயிரு வெளிய குடுக்கக்கூடாதும்பாங்களே, வசு" என்று சண்முகவேல் காதோடு சொன்னான்.

"நம்ம விளக்கு இன்னும் லாரியிலதானுங்க வருது."

ஒரு ஸ்பூன் தயிரை வெட்டி எடுத்து அந்தக் கிண்ணத்தில் விட்டாள். கடுகும் சேர்ந்து போனது. எதிர் வீட்டம்மா கடுகைப் பார்த்தார், வசுமதியைப் பார்த்தார், சிரித்துக்கொண்டே கிண்ணத்தை ஆட்டாமல் எடுத்துப் போனார்.

பெட்டிக்குப் பதறியது. "ஏம்மா, போறியே!"

குண்டாவுக்குள்ளிருந்து பதில் வந்தது. "நான் எங்கயும் போகலீங்ணா."

அதே குரல், அதே நேரத்தில், எதிர் வீட்டிலிருந்தும் வந்தது.

"வந்து சேந்துட்டேனுங்ணா."