இரண்டு தட்டுச் சாம்பல்

வெண்ணாவல் நாட்டை முன்னொரு காலத்தில் மகுடவர்மன் என்றோர் அரசன் ஆண்டுவந்தான். காலையில் ஒருவனுக்கு யானையைப் பரிசளிப்பான். மாலையில், அதைப் பிரிந்திருக்க முடியவில்லை என்று திருப்பி வாங்கிக்கொள்வான். நிலைகொள்ளாத அந்த மனம் ஒன்றின் மீது மட்டும் மாறாத பிரியம் வைத்திருந்தது. அது அவனுடைய நாரைக் கொடி. நீலத் துணியில் வெள்ளை நாரை. அவன் தந்தை போரில் விழுந்தபோது அந்தக் கொடியைத்தான் உடல்மீது போர்த்தினார்கள்.

அப்படிப்பட்டவன் முன்னால் ஒருநாள், செம்பாயி என்ற ஓடக்காரியைக் கையையும் வாயையும் கட்டி இழுத்து வந்தார்கள்.

"அரசே! கரும்பாற்றங்கரையில் நட்டிருந்த நம் கொடியைப் பிடுங்கி, ஊர் பார்க்க எரித்துவிட்டாள் இவள்!" என்று முழங்கினார் வல்லபராயர். நாட்டின் கொடிகளுக்கெல்லாம் பொறுப்பாளர் அவர். அமைச்சர் ஆலங்காடரின் ஆசனம் தம்முடையதைவிட ஒரு முழம் அரசனுக்கு அருகில் இருப்பதில் அவருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல்.

அரசனுக்கு நெஞ்சில் யாரோ அறைந்தது போலிருந்தது. "நாளைக் காலை இவள் தலையை வாங்குங்கள்!" என்றான்.

ஆலங்காடர் எழுந்தார். "ஆகட்டும் அரசே. அதற்கு முன் குற்றம் எதுவென்று ஓலையில் எழுத வேண்டுமே. என்ன எழுதட்டும்?"

ராயர் சிரித்தார். "அமைச்சருக்கு வயதாகிவிட்டது! கொடியை எரித்தாள் என்று எழுதும் ஐயா."

"கொடியை எரிப்பது குற்றமா? நைந்துபோன கொடிகளை நீங்கள் என்ன செய்கிறீர்கள், ராயரே?"

"நாட்டின் கொடி கந்தலாகிக் குப்பையில் கிடக்கலாமா? ஆண்டுதோறும் கொடித் திருநாளில் சந்தனக் கட்டை அடுக்கி, நெய் வார்த்து, என் கையாலேயே தீமூட்டுகிறேன். அந்தச் சாம்பலை அரசரே நெற்றியில் இட்டுக்கொள்கிறார். மிச்சத்தை வெள்ளிச் செப்பில் முத்திரையிட்டு வைத்திருக்கிறேன்."

"ஆக, நீங்களும் எரிக்கிறீர்கள்."

"அது பூசை! இவள் செய்தது துரோகம்! இரண்டும் ஒன்றாகுமா? அந்தச் சாம்பலே வேறு, ஐயா!"

"பார்த்தால் தெரியுமோ?"

"பார்ப்பானேன்? கண்ணைக் கட்டிவிடுங்கள், மோந்தே சொல்லிவிடுவேன்."

ஆலங்காடர் அந்த வெள்ளிச் செப்பையும், காவலர்கள் சாட்சிக்காக ஆற்றங்கரையிலிருந்து அள்ளிவந்த சாம்பல் கலயத்தையும் வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார். சற்று நேரத்தில் இரண்டு பித்தளைத் தட்டுகளோடு வந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு பிடி சாம்பல்.

"இதில் பூசைச் சாம்பல் எது, ராயரே?"

ராயர் முதல் தட்டை மோந்தார். முகம் கோணியது. "சீச்சீ! துரோக நாற்றம். குடலைப் புரட்டுகிறது." இரண்டாம் தட்டை மோந்ததும் கண்கள் தாமாக மூடிக்கொண்டன. "ஆகா, ஆகா! சந்தனமல்லவா மணக்கிறது!" மூன்று விரலால் அள்ளி நெற்றி நிறையப் பூசிக்கொண்டார்.

"நன்றாகப் பூசிக்கொள்ளுங்கள்," என்ற ஆலங்காடர், வெள்ளிச் செப்பை அரசன் முன் வைத்தார். அதன் அரக்கு முத்திரை உடையவே இல்லை. "அரசே, இரண்டு தட்டிலும் இருப்பது இந்தப் பெண் எரித்த சாம்பல்தான்."

சபை சிரிப்பில் குலுங்கியது. ராயர் அவசரமாகத் துடைக்கப்போய், சாம்பல் மூக்குவரை இறங்கியது. அரசனும் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

"அமைச்சரே, இரண்டு தீயிலும் எரிந்தது அதே கொடி. மிஞ்சியது அதே சாம்பல். ராயர் எரித்தால் குளிர்கிற என் மனம், இவள் எரித்தால் ஏன் வலிக்கிறது?"

"ராயரின் தீ உங்களிடம் எதுவும் சொல்லவில்லை அரசே. இவள் எதையோ சொல்லித்தான் எரித்திருக்கிறாள். அந்தச் சொல்தான் உங்களைச் சுடுகிறது. ஓலையில் நான் எழுத வேண்டிய குற்றமும் அதுதான். என்ன சொன்னாள்?"

காவலர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "தெரியாது அரசே. வாயைத்தான் முதலில் கட்டினோம்."

"காதில் விழாத சொல்லுக்கா தலையை வாங்கச் சொன்னேன்?" அரசனுக்கே திகைப்பாக இருந்தது. "அவிழ்த்துவிடுங்கள்!"

செம்பாயி உலர்ந்த உதட்டை ஈரமாக்கிக்கொண்டாள். "ராசா, ஆறு வருசத்துக்கு முன்னால உங்க ஆளுங்க வந்து, 'இங்க பாலம் வரும்'னு கொடிய நட்டாங்க. வெளுத்துப்போனா புதுசு மாத்தினாங்க. ஆறு கொடி வந்துச்சு, பாலம் வரல. போன வெள்ளத்துல ஓடம் கவுந்து என் மக போயிட்டா. கழுத்தளவு தண்ணியில அவளத் தேடிக்கிட்டு நிக்கிறேன், கரையில அந்தக் கொடி ஜம்முனு பறக்குது. எத்தனையோ தடவ சொல்லி அனுப்பினேன், ஒருத்தரும் கேக்கல. நேத்து கொளுத்தினேன். இன்னிக்கு உங்க முன்னால நிக்கிறேன்."



"பொய்யாகவும் இருக்கலாம் அரசே!" என்றார் ராயர்.

"இருக்கட்டுமே," என்றார் ஆலங்காடர். "பொய்க்கு மறுமொழி சொல்லலாம். வெட்டிய தலைக்குச் சொல்ல முடியுமா?"

அரசன் தன் முன்னிருந்த வெள்ளிச் செப்பை எடுத்து, அதன் முத்திரையைத் தடவிப் பார்த்தான். பிறகு மெல்லச் சொன்னான்: "என் தந்தையைப் போர்த்திய கொடி அது. எரிந்தது என்று கேட்க இப்போதும் வலிக்கிறது. எனக்கு வலிக்கிறது என்பதற்காக இன்னொருவர் வாயைக் கட்ட மாட்டேன். இந்நாட்டில் யாராவது கொடியைக் கொளுத்தித் தம் மனத்தைச் சொன்னால், அவர் மேல் ஒரு விரலும் படக் கூடாது. கரும்பாற்றுப் பாலத்துக்கு நாளையே வேலை தொடங்கட்டும். முதல் கல்லை ராயர் தலையில் சுமப்பார். கடைசிக் கல் வரை அங்கேயே இருப்பார்."

தன் முத்துமாலையைக் கழற்றி ஆலங்காடர் கழுத்தில் போட்டான். செம்பாயியின் கைக்கட்டு அவிழ்ந்தது.

"பாலம் வந்துவிடும் அம்மா," என்றான் அரசன். "இனிமேல் கொளுத்த மாட்டாய் அல்லவா?"

அவள் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே அவனை நேராகப் பார்த்தாள். "அது உங்க கையில இருக்கு, ராசா."

காவலர்களின் கை வாளுக்குப் போனது.

மகுடவர்மன் சிம்மாசனத்தை விட்டு எழுந்தான். எந்தப் பேரரசனுக்கும் அவன் எழுந்து யாரும் பார்த்ததில்லை. அரசன் நிற்கையில் சபை அமர்ந்திருக்கலாகாது. அத்தனை பேரும் எழுந்தார்கள். அந்த ஓடக்காரி நீண்ட மண்டபத்தை மெல்ல நடந்து, வாசலைக் கடந்து, தெருவில் இறங்கி மறையும்வரை ஒருவரும் உட்காரவில்லை.