படத்தின் கீழே ஒரு வரி

சந்தியாகு நடத்தும் இதழியல் பள்ளியில் ஒரு சுவர் உண்டு. அங்கே படித்தவர்களில், நாட்டையே உலுக்கிய சம்பவங்களை நேரில் நின்று எழுதியவர்களின் படம்தான் அதில் ஏறும். புயலை எழுதியவர், போரை எழுதியவர், கலவரத்தை எழுதியவர் என்று எல்லோரும் வரிசையாக நின்று முறைப்பார்கள். அந்தச் சுவரைக் கடக்கும் மாணவர்களுக்கு நடை தானாக மெதுவாகிவிடும்.

அன்று நித்திலாவின் படம் ஏறவிருந்தது. கருங்காட்டு அணையை எச்சரிக்கை இல்லாமல் திறந்துவிட்டதில், ஆற்றோரத்து ஊர் ஒன்றில் பாதியை வெள்ளம் வாரிக்கொண்டு போனபோது, முதலில் போய் எழுதியவள் அவள்தான். "அபாயச் சங்கு ஊதவே இல்லை" என்று ஒரு பெண் சொன்னதை அவள் எழுதிய பிறகுதான் அரசாங்கம் வாயைத் திறந்தது.

விழா மாலையில். நித்திலாவுக்கோ இருப்புக் கொள்ளவில்லை. காலையிலேயே வந்துவிட்டாள். கல்யாண ஆல்பத்தில் தன் முகத்தைத் தேடும் சித்தியைப் போல நேரே சுவருக்குப் போனாள்.

சந்தியாகு ஸ்டூல்மேல் நின்று படத்தை நேராக்கிக்கொண்டிருந்தார். படம் நன்றாகத்தான் இருந்தது. அதன் கீழே இருந்த வரியைப் படித்ததும் அவளுக்குச் சுருக்கென்றது.

'பெயர் சொல்ல விரும்பாத முன்னாள் மாணவி.'

"சார், இது என்ன விளையாட்டு?"

"ஏன், தப்பா இருக்கா?"

"என் பேரு எங்க?"

"நீதான் சொல்ல விரும்பலையே."

"நான் எப்ப சார் அப்படிச் சொன்னேன்? பேரு போடவான்னு நீங்க என்னைக் கேக்கவே இல்லையே!"

"அந்தம்மாவும் இதையேதான் சொன்னாங்க."

"எந்தம்மா?"

"சங்கு ஊதலைன்னு உன்கிட்ட சொன்னவங்க. போன வாரம் பஸ் ஏறி இங்க வந்திருந்தாங்க."

நித்திலாவுக்கு அந்த வெள்ள நாள் கண்முன் வந்தது. அன்றைக்கு ஆபீசிலிருந்து போன்மேல் போன். அந்தப் பெண் சேற்றில் நின்று சொல்லச் சொல்ல நித்திலா எழுதிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டாள். செய்தியை அடிக்கும்போது பெயர் வர வேண்டிய இடத்தில் கை தானாக ஓடியது: 'பெயர் சொல்ல விரும்பாத பெண் ஒருவர்.' நிருபர்கள் எல்லோரும் எழுதுகிற வரிதான். அதைத் தப்பு என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை.

"அவசரம் சார். பேப்பர் அச்சுக்குப் போற நேரம்."

"தெரியும்."

"பேரு வராததும் நல்லதுதானே சார்? அதிகாரிங்க அவங்களைச் சும்மா விட்டிருக்க மாட்டாங்க."

"சொன்னது யாருன்னு ஊருக்கே தெரியும். புருஷனைப் பறிகொடுத்துட்டு நின்னவங்க, பேரைப் போட்டுக்கம்மான்னு சொல்லத்தான் உன் வண்டி பின்னாடி ஓடி வந்தாங்களாம். பேப்பர்ல உன் வரியைப் படிச்சதுலேர்ந்து ஊர்ல அவங்களைப் பயந்தாங்கொள்ளின்னு சொல்றாங்க."

வண்டிக்குப் பின்னால் யாரோ கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தது நித்திலாவுக்கு ஞாபகம் இருந்தது. வழியனுப்புகிறார்கள் என்று நினைத்து, அவளும் பதிலுக்குக் கையாட்டியிருந்தாள்.

"அவங்க பேரு என்ன சார்?"

சந்தியாகு ஸ்டூலைவிட்டு இறங்கினார்.

"இன்னும் அதே ஊர்லதான் இருக்காங்க. போய்க் கேட்டுட்டு வா. வந்ததும் உன் பேரை எழுதிக்கலாம்."