பன்னிரண்டாவது வேலை

ஏரியின் நடுவே ஒரு தீவு. மூடுபனி இறங்கினால் நீர் எது, வானம் எது என்று தெரியாது. அங்கிருந்த மடத்தை ஐந்து பேர் நிர்வகித்தார்கள். மூத்தவர் தணிகாசலம். அவர்களுடைய குரு பூங்கோதை அம்மை. தணிகாசலத்தைவிட இருபது வயது இளையவர்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஐவரும் குருவின் முன் கூடி, செய்யப்போகும் வேலைகளைச் சொல்வார்கள்.

“போன முறை பதினொன்று சொன்னீர்களே?” என்றார் குரு.

“எல்லாவற்றையும் தொடங்கிவிட்டோம். ஒன்றும் முடியவில்லை. எங்கே தவறினோம் அம்மா?” என்றார் தணிகாசலம்.

“அன்று என்ன சொன்னீர்கள்?”

“முடியும் என்றோம்.”

“படகு?”

“ஏழு ஓட்டையில் நான்கை அடைத்துவிட்டோம்.”

“அப்படியானால் பாதிக்கு மேல் மிதக்கும்.”

யாரும் சிரிக்கவில்லை. மழை தொடங்கிவிட்டால், நடந்து கடக்கும் மணல்திட்டு மூழ்கிவிடும். ஐவரில் சமையல் பார்க்கும் சடையப்பரின் மகளுக்கு இது நிறைமாதம். மருத்துவமனை அக்கரையில்.

“இந்த முறை எத்தனை?”

தணிகாசலம் காகிதத்தை விரித்தார். “பதினான்கு. முடியும் அம்மா.”

“மறந்துவிடாமல் உங்கள் துண்டில் முடிந்துவையுங்கள். வேலைக்கு ஒரு முடிச்சு.”

தணிகாசலம் படித்துப் படித்து முடிந்தார். தேனீப் பெட்டி. புது மணி. தாமரைக் குளம். ஒன்பதாவது முடிச்சோடு துண்டு தீர்ந்துபோனது.

“தலையில் கட்டுங்கள்.”

தலையைச் சுற்றி வரவில்லை. உச்சியில் சுருண்டு உட்கார்ந்தது.

“எலி ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்குண்ணே!” என்றார் சடையப்பர்.

குருவும் சிரித்தார். பிறகு கேட்டார். “படகு எந்த முடிச்சு?”

தணிகாசலம் காகிதத்தைப் பார்த்தார். “பன்னிரண்டாவது.”

சடையப்பரின் சிரிப்பு நின்றது. எழுந்து வந்து முதல் முடிச்சை அவிழ்த்தார். தேனீப் பெட்டி அவர் கேட்டது. மற்ற மூவரும் ஒவ்வொருவராக வந்து தாங்கள் கேட்டவற்றை அவிழ்த்தார்கள். கடைசியாகத் தணிகாசலம் தம்முடைய மணியை அவிழ்த்தார். அதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

பிறகு ஒரே ஒரு முடிச்சுப் போட்டு, துண்டைக் குருவின் துணிக்கொடியில் தொங்கவிட்டார்கள்.

“முடியுமா?” என்று கேட்டார் குரு.

ஐவரும் பனிக்குள் இறங்கிப் போனார்கள். இரண்டு பகல் முழுவதும் சுத்தியல் சத்தம் மட்டும் கேட்டது, வானத்தில் யாரோ தட்டுவதுபோல.

மூன்றாம் நாள் முதல் மழை. தணிகாசலம் சொட்டச் சொட்ட வந்து, துண்டின் முடிச்சை அவிழ்த்தார்.

“முடிந்தது அம்மா. சடையப்பரின் மகள் அக்கரை சேர்ந்துவிட்டாள்.”

“நல்லது.”

மடியிலிருந்து நனைந்த காகிதத்தை எடுத்தார். “மற்ற பதின்மூன்று?”

“முதலில் தலையைத் துவட்டுங்கள்,” என்றார் குரு.