துண்டுக்குள் போன கைகள்

விளைந்த அரிசியையெல்லாம் ஒரே ஒரு தீவு வணிகனுக்கு விற்றுவிட்டு, நிம்மதியாகக் கொட்டாவி விடும் அரசன் ஒருவன் முன்னொரு காலத்தில் இருந்தான். வேறு நாடு தேடி அலைய வேண்டாம் என்பதில் அமைச்சர் தருமராயருக்குப் பரம சுகம். வணிகன் போர்த்திய பட்டுச் சால்வை வேறு. வணிகனோ ஆண்டுக்கு ஆண்டு விலையைக் குறைத்தான். உழுதவன் வயிறுதான் காய்ந்தது.

விகடகவி அம்பலக்கூத்தனுக்குப் பொறுக்கவில்லை. "அரசே, வாங்குபவன் ஒருவனே என்றால் அவன் வைத்ததுதான் விலை. நம் அரிசிக்கு இப்போது அவனே அரசன்" என்று சபையில் போட்டு உடைத்துவிட்டான்.

அரசனுக்குச் சுருக்கென்றது. தருமராயர் சமயம் பார்த்து எண்ணெய் ஊற்றினார். "வாய் கிழியப் பேசும் கவி, வாயைத் திறக்காமலே விலையை ஏற்றிக் காட்டட்டும் பிரபு! தோற்றால் மூட்டையோடு மூட்டையாகத் தீவுக்கு ஏற்றிவிடலாம்."

"அப்படியே ஆகட்டும்!" என்றான் அரசன்.

கூத்தனுக்கோ கடல் பயணம் என்றாலே ஆகாது. தோணியில் கால் வைத்தாலே குடலைக் கக்குகிற உடம்பு அது.

அந்தத் துறைமுகத்தில் யாரும் விலையை வாயால் பேசுவதில்லை. துண்டைப் போர்த்தி, அதற்குள் கைவிட்டு, விரலைப் பிடித்தே பேரம் முடிப்பார்கள். என்ன விலை என்பது அந்த இருவருக்கே வெளிச்சம்.

சந்தையன்று கூத்தன் மடியில் துண்டை விரித்து உட்கார்ந்தான். பல நாட்டு மாலுமிகளைச் சைகை காட்டி அழைத்தான். வந்தவர்கள் ஒவ்வொருவராகத் துண்டுக்குள் கைவிட்டார்கள். முகம் மலர்ந்தது. தலையாட்டிவிட்டு, மூடிய கையை இடுப்பில் செருகிக்கொண்டு போனார்கள்.

தூரத்தில் நின்ற தீவு வணிகனுக்கு வியர்த்துக் கொட்டியது. அரசனிடம் ஓடினான். "பிரபு, அவர்களுக்குக் கொடுத்துவிடாதீர்கள்! போன ஆண்டைவிட இருமடங்கு தருகிறேன்!" என்று ஊர் கேட்கக் கத்தினான்.

"அவர்களிடம் என்ன விலை பேசினாய்? இனி நீ வாய் திறக்கலாம்" என்று கூத்தனை அழைத்துக் கேட்டான் அரசன்.

"விலையா? ஆளுக்கு ஒரு பிடி அரிசி சும்மா கொடுத்தேன் அரசே. சும்மா கிடைத்தால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்?"

பொழுது சாய்வதற்குள், பொங்கித் தின்ற மாலுமிகள் மூட்டை கேட்டுத் திரும்பி வந்துவிட்டார்கள்.

அரசன் வயிறு குலுங்கச் சிரித்து, தன் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தன் கழுத்தில் போட்டான். "இன்னும் என்ன வேண்டும்?"

"ஒன்றே ஒன்று. நம் அரிசியை நாடு நாடாகக் கொண்டுபோய்க் காட்ட, பெரிய மனிதர் ஒருவர் வேண்டும். நமது அமைச்சரைவிடத் தகுதியானவர் யார்?"

கப்பல் கரையை விட்டு நகர்ந்ததுமே தருமராயருக்குக் குமட்டியது. வாயைத் துடைத்துக்கொள்ளத் துணி தேடினார். தோளில் அந்தப் பட்டுச் சால்வை தயாராக இருந்தது.