பேராசிரியர் நடத்தாத வகுப்பு

விடை கடைசிப் பத்தியில் இருக்கிறது. பரீட்சையில் பக்கத்து ஆளின் தாளை எட்டிப் பார்ப்பதுபோல் கண்ணை அங்கே ஓட்டாமல், முதலிலிருந்து வாருங்கள்.

நெல்லைச் சீமையில் ஒரு கல்லூரி, பெயர் வேண்டாம். அங்கே முப்பத்துநாலு வருடம் தாவரவியல் நடத்தியவர் பேராசிரியர் அருமைநாயகம். அவரிடம் படித்தவர்கள் இன்றும் வேலியோரத்தில் எருக்கம்பூவைக் கண்டால் நின்று இதழ் எண்ணிவிட்டுத்தான் நகர்வார்கள். மனைவி கிரேஸ் கமலம், ஒரே மகள் எமீமா. சாயங்காலமானால் மகளை சைக்கிள் முன்கம்பியில் உட்காரவைத்துக் கடைத்தெருவுக்குப் போவார். அவர் சத்தம் போட்டு ஒருவரும் கேட்டதில்லை. அவருடைய மாணவர்களில் பெரிய புளுகன் யார் என்று கேட்டால் ஊரே என்னைக் காட்டும். என் பெயர் சிகாமணி.

நான் இறுதியாண்டு படித்தபோது சார் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, தகுதிகாண் பருவம். முதல்வர் கண்டிப்பானவர். வகுப்பு நேரத்தில் வராந்தாவில் நடந்து, எந்த ஆசிரியரைக் காணோம் என்று ஜன்னல் வழியாகப் பார்ப்பதுதான் அவருக்குத் தேகப்பயிற்சி. சொல்லாமல் வகுப்பை விட்டுப் போன ஒருவரை அதற்கு முந்தின மாதம்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்.

ஒரு வியாழக்கிழமை, செம்பருத்திப் பூவின் குறுக்குவெட்டு நடந்துகொண்டிருந்தது. எட்டே பேர் கொண்ட வகுப்பு. வாசலில் ஆஸ்பத்திரி ஆள் வந்து நின்றார். "சார், அம்மாவுக்கு வலி எடுத்துட்டு."

நாற்காலியில் தொங்கிய கோட்டைக்கூட எடுக்காமல், சாக்பீஸ் பிடித்த கையோடு சார் ஓடினார். அனுமதியாவது, கடிதமாவது!

ஐந்து நிமிடத்தில் வராந்தாவில் முதல்வரின் பூட்ஸ் சத்தம். நான் எழுந்து சாருடைய கோட்டை மாட்டிக்கொண்டேன். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, கரும்பலகையில் சூலகத்தை வரைந்துகொண்டே சார் குரலில், "ஆக, சூலறை அஞ்சு. விளங்கிச்சா?" என்றேன். மற்ற ஏழு பேரும், "விளங்கிச்சு சார்!" என்று கத்தினார்கள். பூட்ஸ் சத்தம் நின்றது. பிறகு நகர்ந்தது.

பிள்ளை பிறந்த சேதி கேட்டு, மறுநாள் காலைக் கூட்டத்தில் முதல்வர் முழங்கினார். "மனைவி பிரசவ வலியில் கிடந்தபோதும் வகுப்பை விடாதவர் இந்த அருமைநாயகம்! என் கண்ணால் பார்த்தேன்!"

மேடையில் சார் வெளிறிப்போய் நின்றார். வாயைத் திறந்தால் அவர் வேலையும் போகும், ஆள்மாறாட்டம் செய்த என் படிப்பும் போகும். வெளியே வந்ததும் என் காதைப் பிடித்தார். "ஏல, சவத்து மூதி! கோட்டுல பட்டன் ஒண்ணைக் காணலையேல?" அவ்வளவுதான் கேட்டார்.

நான் பட்டம் வாங்கி வெளியேறினேன். மற்ற ஏழு பேரும் ஆளுக்கொரு ஊராகப் போனார்கள். சாருக்கு வேலை நிரந்தரமானது. நாலைந்து வருடத்தில் முதல்வரும் காலமானார். அவர் சொன்னது மட்டும் ஊரில் சாகவில்லை. அதற்குச் சோறூட்டியவன் நான். பழைய மாணவர் சந்திப்பு, சாருடைய பணிநிறைவு விழா, கல்யாண வீடு என்று எங்கே மைக் கிடைத்தாலும் எடுத்துவிடுவேன். நான் கோட்டுப் போட்டதை மறைத்துவிட்டு, புதுச் சரக்கைச் சேர்த்துக்கொள்வேன்: "ஆஸ்பத்திரியில பிள்ளை அழுத சத்தம் வகுப்பு வரைக்கும் கேட்டுச்சு. சார் என்ன சொன்னாக தெரியுமா? 'அது பாடத்திட்டத்துல இல்லை'ன்னுட்டாக!" சிரிப்பில் பந்தல் ஆடும்.

கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் போனால் சார் கேட்பார்: "வேற கதை ஒண்ணும் உங்கிட்ட இல்லையாலே?" அதைப் பாராட்டு என்று எண்ணி மகிழ்ந்தேன், மடையன்.

இந்த மார்ச் மாதம் சார் போய்விட்டார். நினைவுக் கூட்டத்தில் முதல் பேச்சு என்னுடையது. அதற்கு முன் என் நாற்காலி அருகே எமீமா வந்து குனிந்தாள். அவளுக்கே இப்போது நாற்பத்தேழு வயது.

"மாமா, இன்னைக்கு அந்தக் கதை மட்டும் வேண்டாம். 'நீ பிறந்தப்போ எட்டிப் பாக்காத அப்பா'ன்னு பள்ளிக்கூடத்துலயே கேலி பண்ணுவாங்க. அப்பாகிட்ட கேட்டா சிரிச்சு மழுப்பிருவாங்க. கடைசி வரைக்கும் எனக்கு அது ஆறலை."

கோட்டு மாட்டியதிலிருந்து எல்லாவற்றையும் அங்கேயே சொன்னேன். பக்கத்தில் இருந்த கமலம் அம்மா கண்ணைத் துடைத்தார்.

"உன்னை மொதல்ல கையில வாங்கினது உங்கப்பாதான்ட்டி. உன் நெத்தியெல்லாம் சாக்பீஸ் பொடி. நர்ஸம்மா ஏசினாங்க."

"நீங்க ஏம்மா சொல்லலை?"

"'சொன்ன பயலே ஒருநாள் திருத்துவான். அதுவரைக்கும் அவனைக் காட்டிக் கொடுக்காதே'ன்னு வாக்கு வாங்கிட்டாங்க."

எமீமா படத்திலிருந்த அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மூணு பேர்ல நான் யார் மேல கோவப்படணும்?" என்றாள்.

பொய்யைப் பரப்பியவன் மீதா? அது தெரிந்தும் மௌனமாக இருந்தவர் மீதா? கொடுத்த வாக்குக்காகப் பெற்ற மகளிடமே உண்மையை மறைத்தவர் மீதா? நீங்களே சொல்லுங்கள், யார் மீது?

விடை: வகுப்பில் நான் நடித்த பொய் ஒருவர் வேலையைக் காப்பாற்றியது, அதை மன்னிக்கலாம். அவர்கள் இருவரும் அத்தனை காலம் காத்திருந்தது தப்புதான். ஆனால் காத்திருந்தது எனக்காக. நான் பட்டம் வாங்கி, முதல்வரும் கண்ணை மூடிய பிறகு அந்தப் பொய் காப்பாற்ற வேண்டியவர் ஒருவருமில்லை. அதற்கப்புறம் நாற்பது வருடம் நான் அதைச் சொன்னது என் ருசிக்காக. ஆகவே கோபம் என் மீதுதான். எமீமாவிடமும் அப்படியே சொன்னேன். அவள் மைக்கை எடுத்து என் கையில் கொடுத்தாள். ஒன்று விடாமல் உண்மையைச் சொல்லி முடித்தேன். முன்வரிசையில் ஒருவர் பக்கத்து ஆளிடம், "பெத்த பிள்ளை மனசு ஆறணும்னு சிகாமணி எவ்வளவு அழகா ஒரு கதை கட்டிட்டான், பாத்தீரா வே!" என்றார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.