சிவப்பு வாணமும் சாப்பாட்டு மணியும்

பவழக்கரை என்றொரு கடலோர நாடு. அதை அந்தக் காலத்தில் வெண்குடைமாறன் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் மனசில் தோன்றியதை உடனே செய்துபார்க்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

அரண்மனைக் கோபுரத்திலிருந்து பச்சை வாணம் ஏறினால் வணிகக் கப்பல் வருகிறது என்று அர்த்தம். சிவப்பு ஏறினால் கொள்ளையர் வருகிறார்கள், ஈட்டியோடு கரைக்கு ஓடிவர வேண்டும். ராஜாவுக்கு அந்தச் சிவப்பின் மேல் ஆசை வந்துவிட்டது. தினமும் அந்தி சாய்ந்ததும் வேடிக்கைக்காகவே விடச் சொன்னார். முதல் நாள் மீனவர்கள் வலையைக் கீழே போட்டுவிட்டு மூச்சிரைக்க ஓடிவந்தார்கள். போகப்போக ஒருவரும் தலையைக்கூடத் திருப்பவில்லை.

மந்திரி தென்னவராயர் ராஜாவிடம் போனார். "வேண்டாம், அரசே" என்றார்.

"மன்னர் சிரித்தால் மந்திரிக்குக் கண்ணை உறுத்துகிறது!" என்றார் சிங்கப்பிள்ளை. மந்திரி பதவிமேல் ஆசை கொண்ட அவைக்காரர் அவர்.

ராஜா சிரித்தார். "மந்திரியாரே, நாளை அந்திக்குள் 'நிறுத்து' என்று என் வாயாலேயே சொல்லவையும். முடியாவிட்டால் உம் முத்திரை மோதிரம் சிங்கப்பிள்ளைக்கு!"

மறுநாள் காலையிலேயே சாப்பாட்டு மணி அடித்தது. சாப்பாடென்றால் ராஜாவுக்கு உயிர். விரைந்து வந்தார். இலையே போடவில்லை.

"ஓசை இனிமையாக இருக்கிறதே என்று அடிக்கச் சொன்னேன், அரசே" என்றார் தென்னவராயர் பணிவாக.

சற்று நேரத்தில் மறுபடியும் மணி. மறுபடியும் வெறும் கூடம். ராஜா முகம் சிவக்கத் திரும்பினார். உச்சிவேளையில் மணி அடித்தபோது அவர் அசையவே இல்லை.

பசி பொறுக்காமல் பிற்பகலில் கூடத்துக்கு வந்தார். "எங்கே என் சாப்பாடு?"

"மணி அடித்தோம். தாங்கள் வரவில்லை. ஆறிப்போகிறதே என்று சிங்கப்பிள்ளை சாப்பிட்டுவிட்டார்" என்றார் தென்னவராயர்.

சிங்கப்பிள்ளை வாயைத் துடைத்துக்கொண்டார்.

"மணியை நம்பமுடியாமல் செய்தது நீர்தானே!" என்று ராஜா சீறினார்.

"ஆமாம், அரசே. அதனால் போனது ஒருவேளைச் சாப்பாடு. வாணத்தை நம்பாவிட்டால் ஊரே போய்விடும்."

ராஜா வாணம் விடுபவர்களை அழைத்தார். "நிறுத்துங்கள்" என்றார் மெல்ல. மோதிரம் தென்னவராயர் விரலிலேயே இருந்தது.

சிவப்பு இனி விளையாட்டில்லை என்று குடிசை குடிசையாகச் சொல்லிவரச் சிங்கப்பிள்ளையை ராஜா அனுப்பினார். அவர் வேர்த்துக் கொட்டத் திரும்பிவந்தார். "ஒருவரும் நம்பவில்லை, அரசே."

ராஜா தாமே கடற்கரைக்கு நடந்தார். மீன் உலர்த்திக்கொண்டிருந்த பொன்னாத்தா நிமிர்ந்து கேட்டாள்: "இனிமே சிவப்பு ஏறினா நெசந்தானா, ராசா? ஓடியாரலாமா?"

ராஜாவுக்கு வெட்கமாக இருந்தது.

"ஓடி வா, தாயே. உனக்கு முன்னால் நான் கரையில் நிற்பேன்."